ஆசாரத்தில் ஒரு பைட்டக்

"வந்தவங்களுக்குச் சோறு போடாமப் பாடச் சொல்றயாடா? நல்லா இருக்குது உன்ற நாயம்" என்றாள் அம்மா.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கோயமுத்தூர் ஜங்ஷனில் வந்து இறங்கிய பாடகிக்கு ஒரு டம்ளர் வெந்நீரும் இரண்டு வாழைப்பழமும் போதும், மற்றதெல்லாம் பாட்டு முடிந்த பிறகுதான் என்று நான் சொல்லியிருந்தேன். அம்மா காலையிலேயே சந்தகை பிழிந்து, தேங்காய்ப் பால் எடுத்து, கச்சாயம் சுட்டு வைத்துவிட்டாள். வயிறு நிறைந்தால் மூச்சு எட்டாது என்று விளக்கிப் பார்த்தேன். பாடகியும் சிரித்துக்கொண்டே "ஊட்டா ஆமேலே அம்மா", சாப்பாடு அப்புறம் என்றார். தாளவாடிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பதால் அம்மாவுக்கு அந்தக் கன்னடம் நன்றாகவே புரிந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை.

வீட்டில் இந்துஸ்தானிக் கச்சேரி வைப்பதில் எது கஷ்டம் என்று பலர் கேட்கிறார்கள். பாடகர் கிடைக்கமாட்டார், கேட்க ஆள் வரமாட்டார்கள் என்று அவர்களாகவே முடிவு செய்திருப்பார்கள். அதெல்லாம் எப்படியோ நடந்துவிடும். எங்கள் ஊர் உபசாரத்தை மூன்று மணி நேரம் கட்டிப்போட்டு வைப்பதுதான் பெரும்பாடு.

எங்களுக்குச் சோமனூர்ப் பக்கம். தறிக்காரக் குடும்பம். பக்கத்துப் பல்லடத்தின் பெயரோடு சஞ்சீவ ராவ் என்ற புல்லாங்குழல் மேதை ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. வீட்டில் பாட்டு என்றால் ரேடியோ, கோயில் மேளம், மாசி மாத உடுக்கையடி. அவ்வளவுதான். இந்துஸ்தானி எனக்கு வந்து சேர்ந்தது தறி வழியாகத்தான்.

1999-இல் பழைய தறிகள் விலைக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டு மகாராஷ்டிராவில் இச்சல்கரஞ்சிக்குப் போனேன். கோலாப்பூர் மாவட்டத்தில் இருக்கிற விசைத்தறி ஊர் அது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏதோ நம் ஊருக்கே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. அதே சத்தம், அதே பஞ்சு பறக்கும் தெரு, நூல் விலை பற்றிய அதே புலம்பல். விலை படியவில்லை. ரயிலுக்கு ஒரு நாள் இருந்தது. நூல் தரகர், "சாயங்காலம் சும்மாதானே இருப்பீர்கள், வாருங்கள்" என்று முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மிரஜுக்குக் கூட்டிப்போனார்.

மாடியில் ஓர் அறை. இருபது பேர் இருந்தால் அதிகம். பெரியவர் ஒருவர் பாடினார். எனக்கும் அவருக்கும் நடுவே ஆறடிதான். ஒரே ஒரு வரியை எடுத்துவைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அதையே சுற்றிச் சுற்றி வந்தார். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன், முடிந்துவிட்டது. சத்தியமாக ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் மூச்சு இழுப்பது கேட்டது. ஒரு சுரத்துக்குப் போகும் முன் கழுத்து நரம்பு முதலில் போய் நிற்பதைப் பார்த்தேன். தப்லாக்காரர் ஓரக்கண்ணால் அவர் வாயையே கவனித்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு பேரும் ஒரே புள்ளியில் வந்து விழுந்தபோது பக்கத்தில் இருந்த கிழவர் என் தொடையில் ஓங்கித் தட்டினார். முன்பின் தெரியாத மனிதர். அந்த அடிக்காகத்தான் திரும்பத் திரும்பப் போனேன் என்று நினைக்கிறேன்.

மிரஜ் லேசுப்பட்ட ஊர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இந்துஸ்தானியில் கிரானா என்ற பாணியின் பெரிய பாடகர் அப்துல் கரீம் கான் வாழ்ந்த ஊர். அவர் மைசூர் அரண்மனையில் பாடியவர், நம் பக்கத்து வித்வான்களோடு பழகியவர், தியாகராஜர் கீர்த்தனையைக்கூட இசைத்தட்டில் பாடியவர். 1937-இல் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகிற வழியில் உடம்பு முடியாமல் சிங்கப்பெருமாள்கோவில் ரயில் நிலையத்தில் இறங்கினார். அங்கேயே உயிர் போய்விட்டது. மிரஜுக்குக் கொண்டுபோய் தர்கா வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். இன்றைக்கும் உரூஸ் சமயத்தில் அவர் நினைவாக அங்கே பாடுகிறார்கள். செங்கல்பட்டு வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் அந்தப் பிளாட்பாரத்தை எட்டிப் பார்ப்பேன்.

இச்சல்கரஞ்சிக்கும் குறைவில்லை. குவாலியர் என்ற இன்னொரு பாணியை மராட்டியப் பக்கம் கொண்டுவந்த பாலகிருஷ்ணபுவா அந்த ஊர்ப் பெயரோடுதான் அறியப்படுகிறார். தறி ஊரில் சங்கீதம் வளராது என்று எவனாவது சொன்னால் இதைத்தான் எடுத்துவிடுவேன்.

பைட்டக் என்றால் உட்காருவது, உட்காரும் இடம். அவ்வளவுதான் அர்த்தம். மேடை, மைக் எல்லாம் வருவதற்கு முன்பு பெரிய பெரிய பாடகர்கள் பாடியது இப்படிப்பட்ட கூடங்களில்தான். இது நம் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், நடக்காதா என்று 2012-இல் தோன்றியது. ஓட்டு வீடு, உயரமான மரக் கூரை, மண் சுவர், நாற்பது பேர் உட்காரலாம்.

முதல் தடவை நான் பண்ணிய கூத்தைச் சொல்லவேண்டும். நாற்பது பேருக்கு இடம் இருந்தும் வாசலில் பந்தல் போட்டு நூற்றிருபது பேரைக் கூப்பிட்டேன். சொந்தபந்தத்தில் யாரையாவது விட்டால் பத்து வருடம் பேசமாட்டார்களே. இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வாடகைக்கு எடுத்தேன். நான்கு பேர் வரவேற்புரை ஆற்றினார்கள். பாடகருக்கும் தப்லாக்காரருக்கும் ஆர்மோனியக்காரருக்கும் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, அதற்கு முன்னால் மூன்று பேருக்கும் அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும் ஒப்புட்டும் கட்டாயப்படுத்தி ஊட்டாத குறையாக ஊட்டி... பாவம், ஏப்பத்தை அடக்கிக்கொண்டு ஆரம்பித்தார். பந்தலில் பின்னால் இருந்தவர்கள் நிலத்தின் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

இருபதாவது நிமிடம் கரண்ட் போனது. மைக் போனது. அதோடு சுருதியும் போனது, ஏனென்றால் நான் வைத்திருந்தது பிளக்கில் சொருகுகிற மின்சாரத் தம்புரா! நிஜத் தம்புரா ஒன்றுகூட இல்லாத வீட்டில் பாடகரை உட்காரவைத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆர்மோனியத்தில் சட்ஜத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நிமிடம் சமாளித்திருப்பார். யாரோ ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். மீதியை விடுங்கள்.

அடுத்த வருடம் மிரஜுக்குப் போய் ஒரு ஜோடித் தம்புரா வாங்கிவந்தேன். அங்கே வாளும் கத்தியும் சாணை பிடித்துக்கொண்டிருந்த சிகல்கர் குடும்பங்கள் 19-ஆம் நூற்றாண்டில் வாத்தியத் தொழிலுக்கு வந்தன. தெருவே வாத்தியத் தெரு. 2024-இல் மிரஜ் சிதாருக்கும் தம்புராவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் தஞ்சாவூர்த் தம்புராவின் குடம் பலா மரத்தில் குடைந்தது, அங்கே சுரைக்காய். பண்டரிபுரம் பக்கத்தில் இதற்கென்றே பயிர் செய்கிறார்கள். தண்ணிக்குடம் அளவுக்கு இருக்கும், தட்டினால் காலி டப்பா மாதிரி சத்தம். ரயிலில் அதை ஒரு கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிர் சீட்டில் இருந்த அம்மிணி, "ஏனுங்க, சாமி சாமானுங்களா?" என்று கேட்டுவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார்.

தந்திக்கு எங்கே போவது என்று பயந்தேன். அதற்கும் வழி கிடைத்தது. கோவையில் தங்கம் உருக்கிச் சுத்தம் செய்கிற மராட்டியர்களில் பலருக்குச் சொந்த ஊர் சாங்லி மாவட்டம். மிரஜும் அதே மாவட்டம்தான். அப்படி ஒருவர் நகைக்கடைத் தெருவில் பழக்கமானார். கணபதி பண்டிகைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது தந்திச் சுருள்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். பைட்டக் அன்று முதல் ஆளாக வந்து தூணோரம் உட்கார்ந்துகொள்வார்.

தம்புரா வந்த பிறகுதான் வீட்டில் எத்தனை சத்தம் இருக்கிறது என்பதே காதில் விழுந்தது. இரண்டாவது பைட்டக்கில் ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறவர் ஒருவர். (அதை அவர்கள் 'காலி ஏக்' என்கிறார்கள். கறுப்பில் முதல் கட்டை என்று அர்த்தமாம். நான் முதலில் ஏதோ காலியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.) தம்புரா எவ்வளவு சேர்த்தும் சேரவில்லை. பிருடையைத் திருகுகிறார், மணியை நகர்த்துகிறார், குதிரைமேல் ஜீவா நூலை இழுத்துப் பார்க்கிறார், ஊஹூம். கேட்க வந்திருந்தவர்களில் மோட்டார் வைண்டிங் பட்டறைக்காரர் ஒருவர் உண்டு. தண்ணி மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தச் சுருள் போயிருக்கிறது என்று சொல்கிற காது. எழுந்து நேராகச் சமையல்கட்டுக்குப் போய் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார். தம்புரா சேர்ந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், நம் கரண்ட் நொடிக்கு 50 சுழற்சி. ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், சோக் எல்லாம் அதன் இரட்டிப்பில், அதாவது நொடிக்கு 100 அதிர்வில் ரீங்காரம் போடும். ஒன்றரைக் கட்டை சட்ஜத்துக்கு அந்த 100 எங்கே விழுகிறது தெரியுமா? பிரதி மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில், இரண்டிலும் ஒட்டாமல். அவர் பாட இருந்தது யமன் ராகம், நம் கல்யாணிக்குச் சொந்தம். அந்த இரண்டு சுரமும் அதற்கு உயிர். அன்றிலிருந்து பைட்டக் நாளில் பாலும் மாவும் பங்காளி வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போய்விடும்.

கொசுவர்த்தி கூடாது, சாம்பிராணி கூடாது, ஊதுபத்திகூடக் கூடாது. புகை பாடுகிறவர் தொண்டையைப் பிடிக்கும். ஜன்னலுக்கு வலை அடித்தோம். ஃபேன் தப்லாத் தோலை உலர்த்திச் சுருதியை ஏற்றிவிடும், ஆகவே அதுவும் இல்லை. கீழே பவானி ஜமுக்காளம். கெட்டிப் பருத்தியாக இருப்பதால் எதிரொலியைக் கொஞ்சம் குடித்துக்கொள்கிறது. ஆனியிலும் ஆடியிலும் வைப்பதே இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கதவைப் போட்டு அடிக்கும், பொள்ளாச்சிக்காரர்களைக் கேளுங்கள். மார்கழியில் பாடகர்கள் கிடைக்கமாட்டார்கள். ஆகவே தை, மாசி, பங்குனி முதல் பாதி. அதற்குமேல் வியர்வை.

எல்லாம் சரி, தறி?

எங்கள் தறியை நிறுத்துவது என் இஷ்டம். தெற்குப் பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் பங்காளியின் பன்னிரண்டு தறி. "மூணு மணி நேரம் நிறுத்தணுமா? பாட்டுக்கா?" என்றவர் முகத்தை இன்னும் மறக்கவில்லை. அவருக்கு மீட்டர் கணக்குக் கூலி. அவரிடம் ஓட்டுகிறவர்களுக்கும் அப்படித்தான், ஓடாத தறிக்குக் காசு இல்லை. என் ஆசைக்கு அவர்கள் கூலி போகிறது என்பது எனக்கு இரண்டு பைட்டக் வரைக்கும் உறைக்கவே இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்போது பாடகருக்குக் கவர் தயாராகும்போதே தறி ஓட்டுகிறவர்களுக்கும் அந்த மூன்று மணி நேரக் கூலி தயாராகிவிடும். அதில் ஒரு அண்ணன் முதலில் வாசல்படியில் நின்றார், அப்புறம் திண்ணை, இப்போது இரண்டாவது வரிசை.

டிக்கெட் கிடையாது. உள்ளே நுழைகிற இடத்தில் பித்தளை அண்டா ஒன்று இருக்கும். முடிந்தவர்கள் போடுவார்கள். குறைவதை நான் போடுவேன், ஒவ்வொரு தடவையும் குறையும். தப்லாக்காரருக்கும் ஆர்மோனியக்காரருக்கும் தனித்தனியாக, அவரவர் கையில், உள்ளறையில் வைத்துக் கொடுக்கிறேன். எல்லார் முன்னாலும் தட்டில் வைத்துக் கொடுப்பது மரியாதை என்று நினைத்திருந்தேன். ஒரு தப்லாக்காரர் அந்தக் கவரை வாங்கும்போது தலையைக் குனிந்த விதத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

வரவேற்புரை, பொன்னாடை இரண்டும் ஒழிந்தன. பொன்னாடையை நிறுத்தியதில் வருத்தப்பட்ட உறவினர்கள் உண்டு. சோற்றை மட்டும் ஒழிக்க முடியவில்லை, கடைசிக்குத் தள்ளத்தான் முடிந்தது.

முதலில் சொன்ன பாடகி வந்தது ஒரு தை மாதம். ஆரம்பத்தை ஐந்தே முக்காலுக்கு வைக்கச் சொன்னார். காரணம் மார்வா. பொழுது சாயும்போது பாடுகிற ராகம். நம் ஹம்சாநந்தியின் சுரங்கள்தான், பஞ்சமம் கிடையாது. ஆனால் ஹம்சாநந்தியைத் தெரிந்தவர்கள் அதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவார்கள். பஞ்சமத்தில் இருந்த முதல் தந்தியை நிஷாதத்துக்கு முறுக்கினார். சட்ஜத்தில் நிற்பார் என்று காது காத்திருக்கும். அவர் ரிஷபத்தில் தொங்குவார், தைவதத்துக்குப் போவார், சட்ஜத்தின் வாசல் வரைக்கும் வந்து திரும்பிவிடுவார். மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் ஜமுக்காளத்தின் சிவப்புப் பட்டையிலிருந்து பச்சைப் பட்டைக்கு நகர்ந்து, சுவரில் ஏறி, இல்லாமல் போனது. யாரும் லைட்டைப் போடவில்லை. ஏக்தால் என்ற தாளத்தின் பன்னிரண்டு மாத்திரை ஒரு சுற்று வர முக்கால் நிமிடம் ஆகிற வேகம். பத்துச் சுற்றுக்கு அப்புறம் அவர் சட்ஜத்தில் வந்து அமர்ந்தபோது முப்பத்தெட்டு பேரும் ஒன்றாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மைக் இருந்திருந்தால் கேட்டிருக்காது.

மைக் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். குரல் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வந்தால் மனிதர்கள் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள், பேசவும் ஆரம்பித்துவிடுகிறார்கள். பாடுகிறவர் வாயிலிருந்தே வந்தால் இருமுவதற்குக்கூட யோசிக்கிறார்கள். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையே என்றால் கடைசி வரிசையை எடுத்துவிட வேண்டியதுதான். இதில் பெரிய சபாக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இடைவேளையில் அம்மா என் பக்கத்தில் வந்து, "உடுக்கையடிப் பாட்டு மாதிரியே இருக்குதுடா" என்றாள்.

"எப்படிம்மா?"

"ஒரே அடியத் திருப்பித் திருப்பிப் பாடறாங்கல்லோ. உங்க அப்பாரு அண்ணன்மார் கதை கேக்கப் போவாரு, ராத்திரி ராத்திரியா நடக்கும். பொன்னரு சங்கரு செத்துப்போவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் படுகளத்தன்னைக்கு விடியவிடிய உக்காந்திருப்பாங்க. எப்பச் சொல்லப்போறான், எப்பச் சொல்லப்போறான்னு."

பல வருடம் கேட்டும் விலம்பித் கயாலை, ஒரே வரியை மெதுவாக விரித்துக்கொண்டே போகிற இந்தப் பாட்டை, யாருக்காவது விளக்கச் சொன்னால் நான் திணறுவேன். இப்போது அம்மா சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று ராத்திரி பைரவியில் முடித்தார். அங்கே வழக்கமாகக் கடைசியில் வருகிற ராகம். அதன் சுரங்கள் நம் தோடியுடையவை, பெயர்க் குழப்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஒன்பதேகாலுக்குச் சாப்பாடு. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, "சாப்புடு கண்ணு, இப்ப யாரும் கேக்கமாட்டாங்க" என்று சந்தகையின் மேல் தேங்காய்ப் பாலை ஊற்றிக்கொண்டே இருந்தாள். பாடகி மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு தப்லாக்காரரைக் காணவில்லை. பெங்களூருப் பையன், முப்பது வயது இருக்கும். தேடினால் எங்கள் தறிக் குடோனில், நூல் சாக்குமேல் உட்கார்ந்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது, வலது கை தொடையில் தட்டுகிறது. ஐந்தாம் தறியும் ஆறாம் தறியும் அருகருகே ஓடுகின்றன. ஒன்று கொஞ்சம் வேகம், ஒன்று கொஞ்சம் மெதுவு. இரண்டும் ஒன்றாக அடித்துவிட்டு மெல்ல விலகும், விலகி விலகி இரட்டை அடியாகி, மறுபடி நெருங்கி, ஒரே அடியாகச் சேரும். முப்பது வருடமாக அந்தக் குடோனில் நிற்கிறேன், கவனித்ததில்லை. சேருகிற அந்த ஒரு அடிக்கு அவர் தலை ஆடியது. எத்தனை அடிக்கு ஒருதரம் சேர்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வரிசைக்கு வந்துசேர்ந்த அந்த அண்ணன் ஏதோ கேட்க வந்தவர், விருந்தாளி தறியையே உற்றுக் கேட்பதைப் பார்த்துச் சங்கடப்பட்டுவிட்டார்.

"ஆறாம் நம்பர் பெல்ட் கொஞ்சம் லூசுங்க. அதான் பிந்துது. இருங்க, ஒரு நிமிசத்துல டைட் பண்ணிர்றனுங்க."

பையனுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் ஸ்பேனரைக் கையில் பார்த்ததும் புரிந்துவிட்டது. சாக்கிலிருந்து குதித்து எழுந்து இரண்டு கையையும் விரித்து தறிக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "பேடா அண்ணா, பேடா, வேண்டாம்! இன்னும் ஒரு சுத்து."